தன் வேலையை மறந்த செல்

"பாஸிடிவ்" என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கிய காலம் ஒன்று இருந்தது. கொரோனா சற்று அடங்கியிருந்த 2022-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அது. ஒரு நாள் மாலை என் அண்ணன் கையில் ஒரு காகித உறையோடு செம்பூரில் எங்கள் வீட்டுப் படியேறி வந்தார். பின்னால் அண்ணி. அண்ணிக்கு அப்போது வயது 49. இடது மார்பில் ஒரு கட்டி. அதிலிருந்து ஊசி மூலம் சதை எடுத்துச் சோதித்த பயாப்ஸி அறிக்கைதான் அந்த உறைக்குள் இருந்தது.

புற்றுநோய் என்பதை டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அண்ணனைக் கலங்க அடித்தது அறிக்கையின் கடைசி மூன்று வரிகள். ஈ.ஆர். பாஸிடிவ், பி.ஆர். பாஸிடிவ், ஹெர்-2 நெகடிவ்.

"ரெண்டு இடத்துல பாஸிடிவ்னு போட்டிருக்காம்லா. ஒண்ணுல மட்டுந்தான் நெகடிவ். அப்போ முக்காவாசி முத்திப் போச்சுன்னு தானேம்மா அர்த்தம்?" என்றார் அண்ணன். திருநெல்வேலியை விட்டு வந்து 35 ஆண்டுகள் ஆகியும் பதற்றம் வந்தால் அவருக்கு ஊர்ப் பேச்சுதான் வரும்.

"இல்லண்ணா, இது அந்தப் பாஸிடிவ் இல்லை. இது நல்ல சேதி" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் அவருக்குப் புரிகிற மாதிரி விளக்க எனக்கு அன்று நா எழவில்லை. 31 ஆண்டுகள் பள்ளியில் உயிரியல் கற்பித்தவள் நான். செல், குரோமோசோம், ஜீன் என்று கரும்பலகையில் எத்தனையோ முறை படம் வரைந்திருக்கிறேன். என் சொந்த அண்ணியின் அறிக்கையை விளக்க அந்தப் படங்கள் போதவில்லை. அதன் பிறகு தேடித் தேடிப் படித்தேன். டாக்டர்களிடம் கேட்டேன். அப்படித் தெரிந்துகொண்டதை நம் சங்கத்து மகளிர் கூட்டத்தில் ஒரு முறை பேசியபோது, எழுதித் தரும்படி பலரும் கேட்டார்கள். அண்ணியின் அனுமதி பெற்றே இதை எழுதுகிறேன்.

ஒரே புத்தகம், வேறு வேறு சமையல்

நம் உடலில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள் இருக்கின்றன. இவை அத்தனையும் தாயின் வயிற்றில் உண்டான ஒரே ஒரு கருச்செல் பெருகிப் பெருகி வந்தவை. ரத்தச் சிவப்பணு போன்ற சில விதிவிலக்குகள் தவிர, ஒவ்வொரு செல்லின் உட்கருவிலும் ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுள்ள டி.என்.ஏ. இழை சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அதில் எழுதப்பட்டிருக்கும் ஜீன்களில் புரதம் செய்யச் சொல்பவை மட்டும் சுமார் 20,000. ஒவ்வொன்றும் ஒரு புரதத்துக்கான செய்முறைக் குறிப்பு.

இங்கேதான் வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகள் கை தூக்குவார்கள். "டீச்சர், எல்லா செல்லிலும் ஒரே ஜீன்கள் என்றால், மார்பில் பால் சுரக்கிறது, கண்ணில் ஏன் சுரக்கவில்லை?"

நல்ல கேள்வி. ஒரே சமையல் புத்தகம் ஊரில் உள்ள எல்லா வீட்டிலும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் இன்று வத்தக்குழம்பு, பக்கத்து வீட்டில் பாயசம். புத்தகம் ஒன்றுதான், திறந்திருக்கும் பக்கம்தான் வேறு. கண்ணின் செல்லிலும் பால் புரதத்துக்கான குறிப்பு இருக்கிறது. அந்தப் பக்கம் மூடியிருக்கிறது, அவ்வளவுதான். எந்தப் பக்கத்தைத் திறப்பது, எதை மூடுவது, எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்ற இந்த ஏற்பாட்டுக்குத்தான் ஜீன் கட்டுப்பாடு என்று பெயர்.

இந்த உண்மை முதன்முதலில் பிடிபட்டதும் பால் சர்க்கரையை வைத்துத்தான் என்பது ஒரு பொருத்தம். பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிறுவனத்தில் ஃபிரான்ஸ்வா ஜாக்கப், ஜாக் மோனோ என்ற இருவர் நம் குடலில் வாழும் ஒரு பாக்டீரியாவை ஆராய்ந்தார்கள். லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை இல்லாதபோது, அதைச் செரிக்கும் என்சைம்களை அந்த பாக்டீரியா செய்வதில்லை. ஒரு புரதம் டி.என்.ஏ. மேல் பூட்டுப் போல உட்கார்ந்து அந்த ஜீன்களைத் தடுத்து நிற்கிறது. லாக்டோஸ் வந்ததும் பூட்டு கழன்று விடுகிறது, வேலை தொடங்குகிறது. 1961-ல் இதை அவர்கள் வெளியிட்டார்கள். 1965-ல் ஆந்த்ரே ல்வோஃபுடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்கள்.

நம் செல்களில் இதே ஏற்பாடு இன்னும் விரிவாக நடக்கிறது. டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் என்ற புரத உருளைகள் மேல் நூல்கண்டு போலச் சுற்றப்பட்டிருக்கிறது. இறுக்கமாகச் சுற்றிய இடத்தைப் படிக்க முடியாது, தளர்ந்த இடத்தைப் படிக்கலாம். சில ஜீன்களின் வாசலில் மீத்தைல் என்ற சிறிய வேதிக் குறி ஒட்டப்பட்டு, "திறக்காதே" என்று அடையாளம் வைக்கப்படுகிறது. இவற்றோடு, குறிப்பிட்ட பக்கங்களைத் தேடிப் பிடித்து "இதைச் செய், அதை நிறுத்து" என்று உத்தரவு போடும் புரதங்களும் உண்டு. வகுப்பில் இவற்றை நான் மேஸ்திரிப் புரதங்கள் என்றே சொல்வது வழக்கம். கல் சுமப்பவர்கள் வேறு, யார் எங்கே எதைச் செய்ய வேண்டும் என்று சொல்பவர் வேறு அல்லவா?

மார்பகத்தின் உள்ளே

மார்பகம் மற்ற உறுப்புகளைப் போன்றதல்ல. இதயமும் ஈரலும் பிறக்கும்போதே உருவாகி வேலை செய்கின்றன. மார்பகம் பெரும்பாலும் பிறந்த பிறகு, பூப்பெய்தும் வயதில்தான் வளர்கிறது. ஒவ்வொரு மாதவிடாய்ச் சுற்றிலும் சிறிது மாறுகிறது. கர்ப்ப காலத்தில் முழு வடிவம் பெற்று, குழந்தை பால் மறந்ததும் சுருங்குகிறது. அடுத்த குழந்தைக்கு மீண்டும் தயாராகிறது. அங்கே பக்கங்கள் அடிக்கடி திறந்து மூடப்படுகின்றன.

உள்ளே மரத்தின் கிளைகள் போலப் பால் குழாய்கள் பிரிந்து பிரிந்து செல்கின்றன. கிளை நுனிகளில் திராட்சைக் கொத்துப் போலச் சுரப்பிப் பைகள். குழாயின் சுவர் இரண்டு அடுக்கு கொண்டது. உள்ளடுக்குச் செல்களில் ஒரு வகை, பால் சுரக்கும் வேலைக்கு உரியது. இன்னொரு வகை, ரத்தத்தில் வரும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன்களை ஏற்றுப் புரிந்துகொண்டு, அக்கம்பக்கத்துச் செல்களுக்குச் சேதி சொல்வது. வெளியடுக்குச் செல்கள் தசை போன்றவை. குழந்தை வாய் வைத்துச் சப்பும்போது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் வந்து, இவை பிழிந்து பாலை வெளியே தள்ளுகின்றன.

2023-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் 126 பெண்களின் மார்பகத்திலிருந்து 7 லட்சத்துக்கும் மேற்பட்ட செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, எந்தெந்த ஜீன் திறந்திருக்கிறது என்று படித்திருக்கிறார்கள். கொழுப்பு, ரத்தக்குழாய், நோய் எதிர்ப்புச் செல்கள் எல்லாம் சேர்த்து 12 பெரும் வகைகள் இருப்பதாகக் கண்டார்கள்.

இந்த வகைகளை யார் தீர்மானிக்கிறார்கள்? மேஸ்திரிகள்தான். காட்டா-3 என்ற மேஸ்திரி, உள்ளடுக்குச் செல்லை உள்ளடுக்குச் செல்லாகவே வைத்திருக்கிறது. எல்ஃப்-5 பால் சுரக்கும் பைகளை உருவாக்குகிறது. பி-63 வெளியடுக்குக்கு உரியது. ஃபாக்ஸ்-ஏ1 என்பது முன்னோடி. இறுக்கமாகச் சுற்றிய இடத்திலும் நுழைந்து தளர்த்தி, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி வந்து உட்கார வழி செய்கிறது. காட்டா-3 எவ்வளவு முக்கியம் என்பதை 2006-ல் எலிகளில் கண்டார்கள். வளர்ந்த எலியின் பால் சுரப்பியில் அதை நீக்கியபோது உள்ளடுக்குச் செல்கள் தங்கள் அடையாளத்தையே இழந்தன, இடம் பெயர்ந்து உதிர்ந்து போயின. ஒரு முறை வேலை கற்றுக்கொண்டால் போதாது. செல் நாளும் தன் வேலையை நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

ஊரை விட்டு வந்த செல்கள்

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மீனா பிஸ்ஸல் என்ற அம்மையார். 1940-ல் டெஹ்ரானில் பிறந்து அமெரிக்கா சென்று, கலிபோர்னியாவில் பெர்க்லி ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றியவர். நம்மைப் போலவே பிறந்த ஊரை விட்டு வந்தவர்.

கர்ப்பமான எலியின் பால் சுரப்பிச் செல்களை எடுத்துப் பிளாஸ்டிக் தட்டில் வளர்த்தால், சில நாட்களில் அவை பால் செய்வதை மறந்து விடுகின்றன. உருவம் தட்டையாகி, யாரென்றே தெரியாமல் போகின்றன. ஜீன்கள் எதுவும் தொலையவில்லை. அவரும் அவரது குழுவினரும் 1980-களில் இதே செல்களுக்கு, உடலில் அவற்றைச் சுற்றி இருக்கும் படுகையைப் போன்ற ஒரு கூழை அமைத்துக் கொடுத்தார்கள். செல்கள் ஒன்றுகூடிச் சிறு உருண்டைகளாகி, நடுவில் இடம் விட்டு, மீண்டும் பால் புரதம் சுரக்கத் தொடங்கின!

இதைப் படித்தபோது எனக்கு என் பேத்தியின் நினைவு வந்தது. பம்பாயில் பிறந்தவள். பள்ளியில் ஆங்கிலம், கீழே விளையாடும் பிள்ளைகளோடு இந்தி, மராத்தி. தமிழில் கேட்டால் இந்தியில் பதில் சொல்வாள். கோடை விடுமுறைக்கு ஊருக்கு அழைத்துப் போனால் பத்தே நாளில், "ஆச்சி, எனக்கு இன்னொரு தோசை வேணும்" என்று தமிழ் தானாக வந்து விடும். மொழி உள்ளே இருந்தது. அதை அழைத்துப் பேச அக்கம்பக்கம் வேண்டியிருந்தது. செல்லும் அப்படித்தான். அதன் அடையாளத்தில் பாதி ஜீனில் இருக்கிறது, மீதி அது வாழும் அக்கம்பக்கத்தில் இருக்கிறது.

பிஸ்ஸல் குழுவினர் 1997-ல் இன்னொன்றையும் காட்டினார்கள். மனித மார்பகப் புற்றுநோய்ச் செல்களை அதே கூழில் வளர்த்து, அவை சுற்றுப்புறத்தோடு பேசும் ஒரு வழியை மருந்துப் புரதம் ஒன்றால் அடக்கினார்கள். தாறுமாறாகப் பெருகிக்கொண்டிருந்த செல்கள் ஒழுங்கான உருண்டைகளாக அடங்கின. ஜீன்களில் இருந்த பிழைகள் அப்படியே இருந்தன, ஆனால் நடத்தை மாறிவிட்டது. இது ஆராய்ச்சிக்கூடத் தட்டில் நடந்ததே தவிர, இதை வைத்து நோயாளிக்குச் சிகிச்சை வந்துவிடவில்லை. ஆயினும், புற்றுநோய் என்பது ஜீனில் விழுந்த பிழை மட்டுமே அல்ல, செல்லின் அடையாளமும் சுற்றுப்புறமும் குலைவதும்கூட என்பதை உலகம் ஒப்புக்கொள்ள அது ஒரு காரணமாயிற்று.

அடையாளம் குலைந்தால்

2012-ல் அமெரிக்காவின் புற்றுநோய் ஜீன் வரைபடத் திட்டம் நூற்றுக்கணக்கான மார்பகக் கட்டிகளைப் படித்து ஒரு முடிவை வெளியிட்டது. எல்லா வகைக் கட்டிகளையும் சேர்த்துப் பார்த்தால், 10 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றில் பிழை காணப்பட்ட ஜீன்கள் மூன்றே மூன்று. பிக்-3-சி-ஏ, டி.பி.-53, காட்டா-3. முதலாவது, "வளரு, வளரு" என்று செல்லுக்குள் சேதி கடத்துவது. மற்ற இரண்டும் மேஸ்திரிகள். டி.பி.-53 செய்யும் புரதம், டி.என்.ஏ. பழுதானால் வேலையை நிறுத்தச் சொல்லும் காவல்கார மேஸ்திரி. காட்டா-3 நாம் முன்பே பார்த்தது.

சில கட்டிகளில் இன்னும் விசித்திரம். ஜீனின் எழுத்தில் பிழையே இராது. அதன் வாசலில் மீத்தைல் குறி ஒட்டப்பட்டு அது அடைத்துக் கிடக்கும். பழுது பார்க்கும் ஜீனான பி.ஆர்.சி.ஏ.-1 சில பெண்களின் கட்டியில் இப்படி வாயடைக்கப்பட்டிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். புத்தகத்தில் எழுத்து சரியாகத்தான் இருக்கிறது, பக்கம்தான் ஒட்டிக்கொண்டது.

மார்பகப் புற்றுநோய் ஒரே நோய் அல்ல என்பதும் திறந்திருக்கும் ஜீன்களைப் படித்ததால் தெரிந்ததுதான். 2000-ஆம் ஆண்டில் சார்ல்ஸ் பெரூவும் உடன் பணியாற்றியவர்களும் கட்டிகளை இப்படிப் படித்து வகை பிரித்தார்கள். நம் அறிக்கையில் வரும் மூன்று வரிகள் இந்த வகைகளை நடைமுறையில் கண்டறியும் வழி.

ஈ.ஆர். பாஸிடிவ் என்றால், அந்தப் புற்றுநோய்ச் செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இன்னும் இருக்கிறது என்று பொருள். பி.ஆர். என்பது புரோஜெஸ்ட்ரோன் ஏற்பி. கெட்டுப் போன செல்தான், ஆனாலும் தான் மார்பகத்தின் உள்ளடுக்குச் செல் என்பதை அது முழுவதும் மறக்கவில்லை. ஹார்மோன் பேச்சைக் கேட்டுத்தான் வளர்கிறது. ஆகவே அந்தப் பேச்சை நிறுத்தினால் அதை அடக்கலாம். அண்ணனிடம் நான் நல்ல சேதி என்றது இதனால்தான்.

ஹெர்-2 பாஸிடிவ் என்றால், வளர்ச்சிச் சேதியைப் பிடிக்கும் ஓர் ஏற்பியின் ஜீன் பல படிகளாகப் பெருகி, செல்லின் மேற்பரப்பு முழுவதும் அதுவே நிறைந்திருக்கிறது என்று பொருள். 100 கட்டிகளில் 15 முதல் 20 வரை இந்த வகை. முன்பு இது மிகவும் அஞ்சப்பட்டது. 1998-ல் டிராஸ்டுஸுமாப் என்ற மருந்து வந்த பிறகு நிலைமை வெகுவாக மாறிவிட்டது.

மூன்றும் நெகடிவ் என்றால் அது மும்மறை வகை. இதற்கு ஹார்மோன் மாத்திரையும் பலிக்காது, ஹெர்-2 மருந்தும் பலிக்காது. கீமோதெரபிதான் முதன்மைச் சிகிச்சை, அண்மைக் காலத்தில் வேறு சில மருந்துகளும் சேர்ந்திருக்கின்றன. இந்தியப் பெண்களில் இந்த வகை அதிகம். இங்கே நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் வெளியிட்ட கணக்குப்படி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. எனவே "நெகடிவ்" என்று பார்த்ததும் மகிழ்ந்துவிட வேண்டாம், "பாஸிடிவ்" என்று பார்த்ததும் இடிந்துவிட வேண்டாம். டாக்டரிடம் கேளுங்கள்.

ஒரு மாத்திரையின் கதை

அண்ணிக்கு அறுவைச் சிகிச்சை, பிறகு கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து, டாமாக்ஸிஃபென் என்ற மாத்திரையைத் தினமும் எடுக்கச் சொன்னார்கள்.

ஹார்மோனுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு புதிதல்ல. 1896-லேயே ஜார்ஜ் பீட்சன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர், சினைப்பைகளை அகற்றினால் சில பெண்களின் மார்பகக் கட்டி சுருங்குவதை எழுதியிருக்கிறார். ஏன் என்று அப்போது யாருக்கும் தெரியாது. டாமாக்ஸிஃபென் 1962-ல் இங்கிலாந்தில் டோரா ரிச்சர்ட்ஸன் என்ற பெண் வேதியியலாளர் உருவாக்கியது. முதலில் கருத்தடைக்காகப் பார்த்த மருந்து. அதற்கு உதவாமல் போய், 1973-ல் அங்கே மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது.

எட்டு மாதம் அண்ணி ஒழுங்காகச் சாப்பிட்டார். பிறகு ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனபோது அலமாரியில் பிரிக்காத மூன்று அட்டைகள் இருந்தன. கேட்டதற்கு, "ராத்திரியெல்லாம் உடம்பு தீயா எரியுது டீச்சர். வேர்த்துக் கொட்டுது. கட்டியைத்தான் வெட்டி எடுத்தாச்சே, கீமோவும் குடுத்தாச்சு. இனி எதைக் கொல்ல இந்த மாத்திரை?" என்றார். குடியிருப்பு முழுவதும் என்னை டீச்சர் என்று கூப்பிடுவதால் அண்ணிக்கும் அதுவே பழகிவிட்டது. அண்ணனுக்குக்கூடத் தெரியாமல் இரண்டு மாதத்துக்கு மேல் மாத்திரையை நிறுத்தியிருந்தார்.

அன்றுதான் நான் முன்பு சொல்லாமல் விட்ட விளக்கத்தைச் சொன்னேன். அவர் சமையலறையிலேயே உட்கார்ந்து, சமையல் புத்தக உதாரணத்தோடு.

"அண்ணி, கீமோ கொல்லும் மருந்து. இது கொல்ல வந்தது இல்லை. ஈஸ்ட்ரோஜன் ஒரு சாவி. அந்தச் செல்லுல இருக்கிற ஏற்பி ஒரு பூட்டு. சாவி நுழைஞ்சா 'வளரு'ங்கிற பக்கம் திறக்கும். இந்த மாத்திரை சாவித் துவாரத்துல போய் அடைச்சு உக்காந்துக்கும். பக்கம் மூடியே இருக்கும். ஆனா பக்கத்தைக் கிழிச்சுப் போடலை, மூடித்தான் வச்சிருக்கு. கண்ணுக்குத் தெரியாத நாலு செல் எங்கேயாவது ஒளிஞ்சிருந்தா, மாத்திரையை நிறுத்தினா பூட்டு காலியாயிடும். சாவி மறுபடியும் உள்ளே போகும்."

அண்ணி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இதை முதல்லயே யாராவது சொல்லியிருந்தா நான் ஏன் நிறுத்தப் போறேன்?" என்றார். அந்த யாராவதில் நானும் ஒருத்தி என்பது எனக்குச் சுருக்கென்றது.

மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் கோபிக்கவில்லை. எரிச்சலைக் குறைக்க வழி சொன்னார், மாத்திரையை மீண்டும் தொடங்கச் சொன்னார். ஐந்து ஆண்டுகள் டாமாக்ஸிஃபென் எடுத்துக்கொண்ட ஈ.ஆர். பாஸிடிவ் பெண்களில், 15 ஆண்டுக் கணக்கில் இந்த நோயால் இறப்பவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2011-ல் வெளியான பெரிய தொகுப்பாய்வு காட்டியிருக்கிறது. இந்த மாத்திரை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, மாதவிடாய் நின்றவர்களுக்கு லெட்ரோஸோல் போன்ற வேறு வகை மாத்திரைகளும் உண்டு. எதை எடுப்பது, எத்தனை ஆண்டு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நாமாக நிறுத்தக் கூடாது.

இன்னொன்றையும் அன்று டாக்டர் எச்சரித்தார். இதே மாத்திரை மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கிறது, கருப்பையில் ஓரளவு ஈஸ்ட்ரோஜன் போலவே நடந்துகொள்கிறது. ஒரே மாத்திரை, ஒரே ஏற்பி, இரண்டு இடத்தில் இரண்டு விளைவு! காரணம், இரண்டு உறுப்புச் செல்களிலும் கூட வேலை செய்யும் மேஸ்திரிகள் வேறு. எனவே இதை எடுப்பவர்களுக்கு வழக்கத்துக்கு மாறான ரத்தப்போக்கு இருந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

"அத்தை, எனக்கும் வருமா?"

அண்ணியின் மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு 24 வயது. அம்மாவுக்கு வந்தால் மகளுக்கும் வரும் என்று அக்கம்பக்கத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வரன் பார்க்கும் நேரம் வேறு.

100 மார்பகப் புற்றுநோய்களில் 5 முதல் 10 வரைதான் பரம்பரையாக வரும் ஜீன் பிழையால் வருபவை. 1990-ல் மேரி க்ளேர் கிங் என்ற அம்மையார் அப்படிப்பட்ட ஒரு ஜீன் 17-ஆம் குரோமோசோமில் இருப்பதைக் காட்டினார். அதுதான் பி.ஆர்.சி.ஏ.-1. 1994-ல் ஜீனையே பிரித்தெடுத்தார்கள். இதிலோ பி.ஆர்.சி.ஏ.-2-லோ பிழையோடு பிறந்த பெண்களுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 70 விழுக்காடு. இந்தப் பிழை தாய் வழியாக மட்டுமல்ல, தந்தை வழியாகவும் வரும் என்பதைப் பலர் அறிவதில்லை. அத்தைகளின் நோயையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

உடலின் எல்லாச் செல்களிலும் இந்தப் பிழை இருந்தும், புற்றுநோய் ஏன் மார்பகத்திலும் சினைப்பையிலும் அதிகம் வருகிறது? இதற்கான ஒரு தடயம் 2009-ல் மெல்போர்ன் நகரத்து ஆய்வாளர்களிடமிருந்து வந்தது. பி.ஆர்.சி.ஏ.-1 பிழை உள்ளவர்களுக்கு வரும் கட்டிகள் வெளியடுக்குச் செல்களைப் போலத் தோன்றுவதால், அங்கிருந்தே தொடங்குகின்றன என்று அதுவரை நினைத்திருந்தார்கள். அந்த வெளித்தோற்றம் ஒரு வேஷம் என்றும், உள்ளடுக்கில் இன்னும் முழு வேலை கற்றுக்கொள்ளாத இளம் செல்களே மூலம் என்றும் அவர்களது ஆய்வு சுட்டியது. நோயின் பிறப்பிடம் தெரிந்தால் அதை வருமுன் தடுக்கும் மருந்தைத் தேடலாம். அந்தத் தேடல் நடந்து வருகிறது.

இளம் வயதில் நோய் வந்தவர்கள், மும்மறை வகை வந்தவர்கள், குடும்பத்தில் பலருக்கு மார்பக அல்லது சினைப்பைப் புற்றுநோய் வந்திருப்பவர்கள், ஆண் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்த குடும்பத்தினர் ஆகியோர் ஜீன் சோதனை பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும். அண்ணிக்குச் சோதித்தார்கள், பிழை எதுவும் இல்லை. மருமகளிடம், "உனக்கு மற்றப் பெண்களை விடக் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும், அவ்வளவுதான். இது உன் ஜாதகத்தில் எழுதப்பட்டது அல்ல" என்றேன்.

தாய்ப்பால் கொடுப்பது ஓரளவு பாதுகாப்பு என்பது உண்மை. 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளைத் தொகுத்து 2002-ல் சொன்னது, பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் அபாயம் 4 விழுக்காடு அளவுக்குக் குறைகிறது என்று. ஆனால் அது கவசம் அல்ல. அண்ணி இரண்டு பிள்ளைகளுக்கும் பால் கொடுத்தவர்தான். நோய் வந்த பெண்ணிடம் "நீ பால் கொடுக்கலையோ?" என்று கேட்பதை நம் மாமிகள் தயவு செய்து விட்டுவிட வேண்டும்.

நான் கேட்காத கேள்வி

கடைசியாக ஓர் ஒப்புதல். அண்ணி அந்தக் கட்டியைக் குளிக்கும்போது கண்டது 2021 அக்டோபரில். மகன் கல்யாணம் ஜனவரியில் இருந்ததால் யாரிடமும் சொல்லவில்லை. வலிக்கவில்லை என்பதால் கவலைப்படவும் இல்லை. கல்யாண வேலையில் இடது கையைத் தூக்கிப் பாத்திரம் எடுக்க அவர் தயங்கியதை நான் பார்த்தேன். உயிரியல் டீச்சர் பார்த்தேன். "என்ன அண்ணி, கை வலிக்குதா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐந்து மாதம் போயிற்று.

2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்கு இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டதாகவும், சுமார் 98 ஆயிரம் பேர் இறந்ததாகவும் உலகப் புற்றுநோய்க் கணக்கு சொல்கிறது. தாமதமாக வருவது ஒரு பெரிய காரணம். நம் பம்பாயிலேயே டாடா நினைவு மருத்துவமனையினர் 1998-ல் தொடங்கி, 35 முதல் 64 வயதுக்குட்பட்ட 1 லட்சத்து 51 ஆயிரம் பெண்களை வைத்து 20 ஆண்டுகள் ஓர் ஆய்வு நடத்தினார்கள். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கையால் தொட்டுப் பரிசோதித்தார்கள். 2021-ல் முடிவு வந்தது. நோய் முன்னதாகவே கண்டுபிடிக்கப்பட்டது. 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களில் இறப்பு சுமார் 30 விழுக்காடு குறைந்தது. அதைவிட இளையவர்களிடம் அந்த அளவு பலன் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் எந்த வயதானாலும் கட்டி ஒன்று கைக்குத் தட்டுப்பட்டால் கல்யாணம், தீபாவளி, பிள்ளைகளின் பரீட்சை எதற்காகவும் காத்திருக்கக் கூடாது. ஆண்களும் விலக்கல்ல, இந்த நோய் வருபவர்களில் சுமார் 100-ல் ஒருவர் ஆண்.

மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டன. அண்ணி நன்றாக இருக்கிறார். இரவுச் சாப்பாடு முடிந்ததும் மாத்திரையை எடுத்துக்கொண்டு, "டீச்சர், பூட்டை அடைச்சாச்சு" என்று எனக்கு ஃபோனில் சொல்வது வழக்கமாகிவிட்டது. சில நாள் மறந்து படுத்துவிட்டால் நானே கூப்பிட்டு நினைவூட்டுகிறேன்.